நல்லூரில் யாரும் சாவதில்லை

திருப்பூர் நல்லூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் யாரும் செத்ததே இல்லை. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், மாடியில் ஹவுஸ் ஓனரின் குடும்பம். பனியன் கம்பெனியிலும் சாயப்பட்டறையிலும் உழைத்து, இருமி, மஞ்சள் காமாலை வந்து கிடந்த அத்தனை பேருக்கு நடுவே ஒரு சாவுகூட விழவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். ஆனால் உண்மை அதுதான். ஆள் படுத்துவிட்டால் ஊருக்குப் போய்விடுவார்.

கடைசி அறையில் இருந்த தேனிக்கார டெய்லர் அப்படித்தான் போனார். சோறு தண்ணி இறங்காமல் ஒரு மாதம் கிடந்தார். அவருடைய தம்பி வந்து, மதுரை பஸ்ஸில் கடைசி சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிப்போனார். அடுத்த வாரம் அந்த அறைக்கு வெள்ளையடித்தார்கள். அதற்கடுத்த வாரம் வேறொரு குடும்பம் வந்து பால் காய்ச்சியது. டெய்லர் பிழைத்தாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. கேட்டால், "அவரு ஊருக்குப் போயிட்டாருங்க" என்பார் ஹவுஸ் ஓனர். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்போது நான் ஆக்சுவரி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த வயதில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் சாவார்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர் ஆக்சுவரி. மொத்தம் பதினைந்துக்குக் கிட்டப் பேப்பர்கள். மே மாதம் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை, சென்னைக்குப் போய் எழுத வேண்டும். சொல்லிக்கொடுக்கத் திருப்பூரில் ஆள் கிடையாது. ஜெராக்ஸ் எடுத்த பாடங்களை வைத்துக்கொண்டு தானாக முட்டி மோதிப் படிக்க வேண்டியதுதான். பகலில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்பிங் பேப்பர்கள் தயாரிக்கும் வேலை பார்த்தேன். அங்கே எல்லாரும், "ஆடிட்டர் படிப்புங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "அப்ப பேங்க் பரீட்சைங்களா?" என்பார்கள். அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை. பொறுமை என்கிற சாமானே உன்னிடம் கிடையாது என்று அக்கா சொல்லிக்கொண்டிருப்பாள்.

விளக்குகிற வேலையை அத்தான் எடுத்துக்கொண்டார். அக்காவின் கணவர். சாயப்பட்டறையில் வேலை, அதனால் நகக்கண்ணில் வாரத்துக்கு ஒரு நிறம் இருக்கும். குழாயடியில் தண்ணீருக்கு நிற்கிறவர்களிடம், "எங்க கொழுந்தியா சாவுக் கணக்கு படிக்கால்லா. முழுசாப் படிச்சு முடிச்சிட்டான்னா எமன் இவகிட்ட வந்து கேட்டுட்டுத்தான் கெளம்பணும்" என்பார். எனக்கு மானம் போகும். அவருக்கோ பெருமை தாங்காது. அந்தப் பரீட்சைகளில் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஒரு வரி தெரியாது. ஆனால் நான் படிக்க உட்கார்ந்தால் ரேடியோவை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார்.

எங்கள் மூவருக்கும் ஊர் கிடையாது. பிறந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கத்தான் செய்தது, ஆனால் போக முடியாது. அம்மா அப்பா இல்லாத எங்கள் இருவரையும் மாமாதான் வளர்த்தார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவக் குடும்பம். அக்கா ஒரு இந்துப் பையனைக் கட்டிக்கொண்டதும் மாமா கதவைச் சாத்தினார். அத்தானின் அண்ணன்மார் அதற்கும் ஒரு படி மேலே போய், உயிரோடு இருக்கிற தம்பிக்குத் தலைமுழுகிக் கருமாதியே செய்துவிட்டார்கள். பொங்கலுக்கு லைன் வீடே காலியாகிவிடும். எல்லா அறைகளிலும் பூட்டுத் தொங்க, நாங்கள் மூன்று பேர் மட்டும் அந்த நீள வாசலில் உட்கார்ந்து கரும்பு தின்போம். "மொத்த வளவும் நமக்குத்தான், அனுபவிங்க" என்பார் அத்தான். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் ஒரு தடவை கோட்டை விட்ட பேப்பர் ஒன்று உண்டு. ஒரு கூட்டத்தைப் பல வருஷம் கவனித்து, யார் எப்போது சாகிறார் என்று பார்த்து, அதிலிருந்து சாவு விகிதம் கண்டுபிடிக்கிற பேப்பர். கவனித்துக்கொண்டிருக்கும்போதே சிலர் கூட்டத்தைவிட்டு விலகிப் போய்விடுவார்கள். பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பது தெரியாது. அவர்களை 'சென்சார்ட்' என்று குறிக்க வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விலகிப் போனவர்களும் தங்கியிருப்பவர்களும் ஒரே மாதிரியான ஆட்கள், போனதற்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டால்தான் கணக்கு வரும். முதல் தடவை இதை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்தேன். ஃபெயில். இரண்டாம் தடவைக்குப் படிக்கும்போது தேனி டெய்லரின் ஞாபகம் வந்து, பாடத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். இந்த லைன் வீட்டை ஒரு ஆக்சுவரி கவனித்தால் என்ன எழுதுவான்? இங்கே மனிதர்களுக்குச் சாவே இல்லை என்று எழுதுவான்.

அந்த வருஷம்தான் அத்தானுக்கு உடம்பு கெட்டது. முதலில் பசியில்லை என்றார். பிறகு வயிறு வீங்கியது, கண் மஞ்சளானது. நாட்டு மருந்து, பத்தியம், பிறகு ஆஸ்பத்திரி. கல்லீரல் முழுக்கப் போய்விட்டது என்றார்கள். சித்திரை பிறந்த சமயம் டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி இங்கே வைத்திருந்து பிரயோஜனமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னார். கூட்டி வந்தோம். எங்களுக்கு வீடு என்றால் அந்த ஒற்றை அறைதான்.

அறைக்குள் வந்து பாயில் சாய்ந்ததும் அத்தான் சொன்ன முதல் வார்த்தை எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "இனிமே என்னைய எங்கயும் தூக்காதீங்க. எதுன்னாலும் இங்கனயே ஆவட்டும். எனக்குன்னு இருக்கது இந்த ரூமுதான்." அக்கா சரி என்றாள். நானும் சரி என்றேன். ஒரு மனிதன் தன் பாயில் சாக வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை. அதைக்கூடக் கொடுக்க முடியாதா என்றுதான் நினைத்தேன்.

ஹவுஸ் ஓனர் மறுநாளே வந்தார். கையில் இரண்டு இளநீர். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான், ஆனால் அவர் கெட்டவர் இல்லை. தறிக்காரக் குடும்பம், கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம், யாரையும் ஒருமையில் பேசாத வாய். வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டு அக்காவிடம் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, ஊருக்கு எப்பங்க கெளம்பறீங்க?"

"எங்களுக்கு ஊர் இல்லைங்க" என்றாள் அக்கா.

"அதென்னுங்க, ஊரு இல்லாத மனுசரு இருப்பாங்களா? கோவமெல்லாம் இந்த மாதிரி நேரத்துல ஆருமே பாக்க மாட்டாங்க. வண்டிக்கு ஒண்ணும் யோசிக்காதீங்க, நானே சொல்லி உடறேன்."

அக்கா எத்தனை தடவை சொல்லியும் அது அவருக்கு ஏறவில்லை. அவருடைய அறிவில், திருப்பூரில் பிழைக்கிற ஒவ்வொருவருக்கும் பின்னால் எங்கேயோ ஒரு ஊர் கை நீட்டிக் காத்திருக்கிறது. திருப்பூர் வேலை செய்கிற இடம். சாகிற இடம் வேறு. இதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அவருடைய பயம் என்னவென்று பிறகு தெரிந்தது. ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாடிக்கு வாடகை கொடுக்கப் போனபோது தினசரி காலண்டரில் சில தாள்களின் முனை மடித்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அவரே மறைக்காமல் சொன்னார். அவிட்டத்தில் தொடங்கி ரேவதி வரை ஐந்து நட்சத்திரம். அந்த நாட்களில் ஒரு உயிர் பிரிந்தால் அடைப்பு. உயிர் பிரிந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும், அந்த வளவில் நல்ல காரியம் எதுவும் செய்யக்கூடாது. இல்லையென்றால் பின்னாலேயே இன்னும் சாவுகள் வரும் என்பது நம்பிக்கை. லைன் வீட்டில் இருந்தவர்களும் அதை நம்பினார்கள். அந்த ஐந்து நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு" என்றார். "நீங்க சாவுக் கணக்குப் படிக்கறீங்கன்னு உங்க மச்சான் சொல்லுவாருங்க. எத்தன நாளு தாங்குமுன்னு ஒரு கணக்குச் சொல்லுங்க. அதுக்குத் தக்கன நாம ஏற்பாடு பண்ணிக்கலாமுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஒரு ஆளுக்குச் சொல்ல முடியாதுங்க. ஆயிரம் பேர் இருந்தா அதுல எத்தனை பேர்னு சொல்லலாம்" என்றேன்.

"நமக்கு ஒரு ஆளு விசயந்தானுங்களே கண்ணு" என்றார் அவர், மிகவும் வருத்தமாக.

கீழே வந்து அக்காவிடம் கத்தினேன். மடித்து வைத்திருக்கிறார் பார், தேதி குறித்து வைத்திருக்கிறார் பார் என்று. அக்கா அத்தானின் காலைத் தடவிக்கொண்டே, "மெதுவாப் பேசு" என்றாள். அத்தான் கண்ணை மூடியபடி, "இவளுக்கு ஆயிரம் பேர் வேணுமாம், அவருக்கு அஞ்சு நாள் வேணுமாம். நான் ஒருத்தன் என்னத்தச் செய்ய?" என்றார். அந்த நிலைமையிலும் அவருக்கு வாய் அடங்கவில்லை.

பரீட்சை அந்த ஐந்து நாளுக்குள் விழுந்தது. போகமாட்டேன் என்றேன். நவம்பரில் எழுதிக்கொள்கிறேன், என்ன குடி முழுகிப்போகிறது என்றேன். அத்தானுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "நீ எழுதாம இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்துட்டிருந்தா எனக்கு நல்லாயிருமோ? போயிட்டு வா பிள்ள. நீ வரது வரைக்கும் நான் இங்கனதான் கெடப்பேன்" என்றார். போனேன்.

சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. பெஞ்சு சின்னதாக இருந்தது. கேள்வித்தாளைத் திருப்பினால் அதே கேள்வி, வேறு உருவத்தில். ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் சாவு விகிதத்தைக் கண்டுபிடிக்கிறார்கள், வேலையை விட்டுப் போனவர்களை சென்சார்ட் என்று எடுத்துக்கொள்கிறார்கள், இது சரியா, விளக்கு. எனக்குப் பேனா நிற்கவே இல்லை. நோய் வந்தவர்தான் விலகிப் போகிறார், ஆகவே போனவரும் தங்கியவரும் ஒன்றல்ல. தங்கியவரை மட்டும் பார்த்தால் அந்த இடத்தில் சாவு குறைவாகத் தெரியும், ஆனால் சாவு அங்கேதான் ஆரம்பித்திருக்கும். இதை விரிவாக எழுதினேன். அந்தப் பேப்பரில் எழுதிய எதையும்விட அதை நன்றாக எழுதினேன். வெளியே வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

கேட்டுக்கு வெளியே வந்து செல்போனைப் போட்டேன். அக்காவின் நம்பரிலிருந்து வரிசையாக அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்ததும், "தாராபுரத்துல இருக்கேன்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது.

கிடைத்த பஸ்களில் மாறி மாறிப் போய் மறுநாள் காலையில் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அத்தானின் துண்டு. நடந்ததை முன்னுக்குப் பின் மாற்றாமல் சொன்னாள். எல்லாரும் கம்பெனி வேனில் ஏறிப் போன பிறகு வண்டி வந்து வாசலில் நின்றிருக்கிறது. ஹவுஸ் ஓனர் கை கூப்பியிருக்கிறார். "எம் மகளா நெனச்சுக் கேக்கறேனுங்க அம்மிணி" என்றிருக்கிறார். அவரும் டிரைவரும் பாயோடு அத்தானைத் தூக்கியிருக்கிறார்கள். அத்தான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாராம். விரல் விரலாக எடுத்துவிட வேண்டியிருந்ததாம். அதைச் சொல்லும்போதுதான் அக்கா அழுதாள்.

எந்த ஊர் என்று டிரைவர் கேட்டதற்கு அவள் தெற்கே என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். குண்டடம் தாண்டியதும் அத்தானுக்கு மூச்சு நின்றுவிட்டது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஹவுஸ் ஓனருக்குப் போன் செய்திருக்கிறார். "திரும்ப வேண்டாமுங்க. அப்படியே ஊருக்குக் கொண்டு போயிருங்க" என்று பதில். போனை வைத்துவிட்டு டிரைவர், "இந்த ரோட்டுல எனக்கு இது மொதத் தடவை இல்லீங்க அம்மிணி" என்றாராம். பிறகு அந்த மனிதர்தான் தாராபுரத்தில் டாக்டரைப் பார்த்து, சுடுகாட்டில் பேசி, கடைசிவரை கூட நின்றிருக்கிறார். சுடுகாட்டில் இருந்தவர், "எந்த ஊருங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"திருப்பூர்னு சொன்னேன்" என்றாள்.

இருவரும் அன்றே நல்லூருக்குப் போனோம். எங்களுக்கு அங்கே இருந்தது பாத்திரமும் துணியும் என் ஜெராக்ஸ் பாடங்களும்தான். அவை வாசலில் ஒரு ஓரமாக, அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள், சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. நான் கதவு நிலையைப் பார்த்தேன். அதற்கும் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் லைன் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். அறை பார்க்க ஒரு புருஷன் பெண்டாட்டி குழந்தையோடு வந்திருந்தார்கள், பேச்சைக் கேட்டால் சாத்தூர்ப் பக்கம் மாதிரி இருந்தது. ஹவுஸ் ஓனர் அவர்களுக்கு ஜன்னலைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. "அம்மிணி ஊர்லயே இருந்துக்குவீங்கன்னு நெனச்சனுங்க" என்றார். அப்போது அந்தப் பெண் சாதாரணமாகக் கேட்டாள், "இதுல முன்னாடி இருந்தவங்க எங்க போயிட்டாங்க?"

"அவங்க ஊருக்குப் போயிட்டாங்க" என்றார் ஹவுஸ் ஓனர்.

எனக்கு என்ன ஆனது என்று இப்போது யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை, அப்போதே தெரிந்துதான் செய்தேன். குழாயடி வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். "இல்ல. இந்த ரூம்ல இருந்தவரு செத்துட்டாரு. நேத்து காலையில, இந்த ரூமுக்குள்ளயே செத்தாரு. மூடித்தான் வண்டியில ஏத்தினாங்க."

நேற்று என்ன நட்சத்திரம் என்று யாரும் காலண்டரைப் பார்க்கப் போகவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஹவுஸ் ஓனர் வாயைத் திறந்தார். இல்லை, வண்டியில் ஏற்றும்போது உயிர் இருந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால், உயிரோடு இருந்தவரை நிலையிலிருந்து விரல் பிரித்துத் தூக்கிப்போனதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவள் பொய் சொல்லாதவள் என்பது அவருக்குத் தெரியும்.

"என் மடியிலதான் போச்சு" என்றாள் அக்கா. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சாத்தூர்க்காரப் பெண் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியேறினாள், புருஷன் பின்னாலேயே போனான். எதிர் அறைப் பெண்கள் ஹவுஸ் ஓனரிடம், பிள்ளை குட்டி இருக்கிற இடம், அடைப்பை அடைப்பாகச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் நாங்கள் காலி செய்கிறோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், "ஏனுங்க கண்ணு, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்றார். அப்போதும் அவர் மரியாதை குறையவில்லை. நான் பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டேன்.

அந்தப் பேப்பரில் நான் பாஸ் செய்தேன். மற்றப் பேப்பர்களையும் பல வருஷம் எடுத்து ஒவ்வொன்றாக முடித்தேன். எந்தக் கணக்கிலும் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை, அந்த ஒரு சாவைத் தவிர. அந்த வருஷம் கல்யாணம் தள்ளிப்போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணை நினைத்துச் சங்கடமாக இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இறங்கி எட்டிப் பார்ப்பேன். மற்ற அறைகளில் விளக்கு எரியும், துணி காயும், ரேடியோ பாடும். எங்கள் அறை மட்டும் பூட்டியே இருந்தது. ஆறு மாதம் அத்தானை அங்கிருந்து யாராலும் கிளப்ப முடியவில்லை.